சிவப்பு எழுத்தில் ஒரு சொல்

இங்க பாதிரி கிடையாது, செத்தவங்களைப் பத்தி யாருக்குப் பேசணும்னு தோணுதோ அவங்க எழுந்து பேசலாம்னு சொன்னாங்க. சரி, நான் எழுந்துட்டேன். என் பேரு எர்மினியா. வெர்சியேரே சந்தையில காய்கறிக் கடை போட்டிருக்கேன். நான் உங்க சபை இல்லை, கத்தோலிக்கச்சி, மாதா படத்துக்கு விளக்கேத்தறவ. செத்துப்போன ஃபியோரென்சோ மல்நாத்தி என் தங்கச்சி தெசோலினாவோட புருஷன். அவ இதோ முன்வரிசையில உட்கார்ந்திருக்கா. அவனை எனக்குப் பிடிக்காது. முதல்லயே சொல்லிடறேன், பேச்சு முடிஞ்சதும் யாரும் என்கிட்ட நியாயம் பேச வரவேண்டாம்.

அவன் வரேசே பக்கத்துக்காரன். ஏரிக்கரைக் கிராமத்துலேர்ந்து பத்து வயசுல மிலானுக்கு வந்து, அச்சாபீஸ்ல தரை கூட்டி, அச்சுக்கோக்கக் கத்துக்கிட்டான். வேலையில கெட்டிக்காரன், அதை நான் மறுக்கமாட்டேன். பெட்டியில இருக்கற ஈய எழுத்தைக் கண்ணால பாக்காமலே விரலால பொறுக்குவான். ஆனா அந்த விரலை மடக்கினா அது வேற சாமான். ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தெட்டுல ரொட்டி விலைக் கலவரத்துல பட்டாளம் ஜனங்களைச் சுட்டப்போ, கூரைமேல ஏறி ஓட்டைப் பிடுங்கி ஒரு குதிரைச் சிப்பாய் தலையில போட்டவன். கால்வாய்க்கரைச் சாராயக்கடையில ஒரு ட்ராம் கண்டக்டரோட தாடையை உடைச்சான். அந்தாளு மூணு மாசம் சூப்பை உறிஞ்சித்தான் சாப்பிட்டான். சனிக்கிழமைன்னா அவன் சட்டையில யாரோட ரத்தமாவது இருக்கும். தன்னோடதாவும் இருக்கும்.

இப்படிப்பட்டவனைத்தான் என் தங்கச்சி கட்டிக்குவேன்னு தலைகீழா நின்னா. நான் வேணாம்னு வாய் வலிக்கச் சொன்னேன். கேட்டாளா? அஞ்சு வருஷம் நல்லாத்தான் இருந்தாங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழுல ஒரு சனிக்கிழமை, வேலைநிறுத்தக் கூட்டத்துல அடி வாங்கிட்டு வந்தவனை, எங்க போயிருந்தேன்னு கேட்டிருக்கா. அவ்வளவுதான் கேட்டா. கையில வாசக்கதவுச் சாவி, நம்ம ஊர் இரும்புச் சாவி, ஒரு சாண் நீளம். சாவியோட சேர்த்து மடக்கிக் குத்தினான். இடது கண்ணு போச்சு. துண்டை முகத்துல அழுத்திக்கிட்டு ரெண்டு தெரு நடந்து என் ரூமுக்கு வந்தா. துண்டு வெள்ளையா சிவப்பான்னு தெரியாம இருந்துச்சு. அன்னிலேர்ந்து அவ என்கூடத்தான்.

ஆறு மாசம் கழிச்சு அவன் என் கடை முன்னாடி வந்து நின்னான். சவரம் பண்ணி, காலர் வெளுத்து, வாயில சாராய வாடை இல்லாம. சகோதரர் சபையில சேர்ந்துட்டானாம். தச்சுப் பட்டறைக்குப் பின்னாடி இருக்கற இதே கூடத்துல. சாமி படம் கிடையாது, பதினோரு பேர், எல்லாரும் ஆண்டவர் திரும்பி வர்றதுக்குக் காத்துக்கிட்டிருக்காங்கன்னான். பழைய ஃபியோரென்சோ செத்துட்டான் மதினின்னு சொல்லிட்டு, ரெண்டு வெங்காயம் கேட்டான். செத்தவனுக்கு வெங்காயம் எதுக்குன்னேன். சுத்தி இருந்தவளுங்க எல்லாம் சிரிச்சாளுங்க. அவன் சிரிக்கலை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

தெசோலினா தராசுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தா. வீட்டுக்கு வாயேன்னு அவகிட்ட கேட்டான். அவ கையில இருந்த எடைக்கல்லைக் கீழ வெச்சா. அப்புறம் சொன்னா:

"நீ என்ன பண்ணினேன்னு உன் வாயால நாலு பேர் முன்னாடி சொல்லு. அன்னிக்கு வரேன்."

அவன் முகம் கறுத்துப்போச்சு. "அதெல்லாம் கழுவியாச்சு தெசோ. ஆண்டவர் அதை மறந்துட்டார். இனிமே வரப்போறதைத்தான் பாக்கணும்."

"ஆண்டவருக்கா கண்ணு போச்சு?" அப்படின்னா என் தங்கச்சி.

ஏழு வருஷம். ஞாயித்துக்கிழமை தவறாம இந்தக் கூடத்துலேர்ந்து நேரா என் கடைக்கு வருவான். வேதத்துல எழுதியிருக்கற ஏழு முத்திரை, நாலு குதிரை, எக்காளம், கடல் ரத்தமாறது, எல்லாம் சொல்லுவான். அது எதுவும் இன்னும் நடக்கலையாம், இனிமேதான் நடக்குமாம். ஒரு நாளாவது, நான் அடிச்சேன்னு அந்த ரெண்டே வார்த்தை அவன் வாயிலேர்ந்து வரலை. தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிடுவான். நானே பாத்திருக்கேன்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். அவன் சொல்லாம இருந்தது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. என் புருஷன் காலராவுல போய்ச் சேர்ந்தவன், பிள்ளை குட்டி இல்லை. காலையில எழுந்தா பேச ஒரு ஆளு, குளிர்காலத்துல முதுகோட முதுகு ஒட்டிப் படுக்க ஒரு ஆளு. ஒத்தைக் கண்ணோட அவ பொறுக்கற முட்டைக்கோசை நான் ரெண்டு கண்ணால பொறுக்கமுடியாது. அவ போயிட்டா எனக்குன்னு யாரு? அவன் நாக்கு எழும்பவே கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேன். வேண்டினதை வேண்டலைன்னு சொல்லி என்ன ஆகப்போகுது.

இந்த நேரத்துலதான் அந்தப் படம் போடற பயலுங்க கிளம்பினாங்க. கவிதை எழுதறவன், கொட்டு தட்டறவன், எல்லாம் ஒரே கும்பல். தங்களை ஃபுதுரிஸ்தான்னு சொல்லிக்கிட்டாங்க, வருங்காலத்து ஆளுங்களாம். மியூசியத்தையெல்லாம் கொளுத்து, வெனிஸ் கால்வாயை மண்ணைப் போட்டு மூடு, அறையும் குத்தும் அழகு, யுத்தம் உலகத்தைச் சுத்தம் பண்ணும். இதை நாடகக் கொட்டகையில ஏறி நின்னு கத்துவானுங்க. ஊரு சும்மா இருக்குமா? உருளைக்கிழங்கும் ஆரஞ்சுமா எடுத்துட்டுப் போய் அடிச்சுது. அவனுங்களும் மேடையிலேர்ந்து குதிச்சு திருப்பி அடிப்பானுங்க. மூக்கு உடையாம ஒரு கூட்டமும் முடிஞ்சதில்லை. எங்க சந்தைக்கு அது திருவிழா. அழுகினதை எல்லாம் வண்டியில போட்டுக்கிட்டு கொட்டகை வாசலுக்குப் போயிடுவோம். ஃபுதுரிஸ்தாவுக்கு உருளைன்னு நான் கூவினா அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

ஃபியோரென்சோ வேலை பாத்த அச்சாபீஸ்தான் அவனுங்களோட நோட்டீசை அடிச்சுது. அறையும் குத்தும் அழகுங்கற வரியை அந்தக் கையாலயே கோத்தான். என்ன தோணிச்சோ, யாருக்குத் தெரியும். என்கிட்ட சொன்னதில்லை.

என் கடைக்குத் தினம் ரெண்டு முள்ளங்கி வாங்க ஒருத்தர் வருவார், ப்ரொஃபெசர் கார்கானோ, பள்ளிக்கூடத்துல தத்துவம் சொல்லிக்கொடுக்கறவர். அவர்தான் ஒரு நாள் விளக்கினார். "ஃபுதுரிஸ்தாங்கற சொல்லுக்கு மூணு அர்த்தம் எர்மினியாம்மா. படம் போடறவன் சொன்னா, பழசைக் கொளுத்துன்னு அர்த்தம். எங்க ஆளுங்க சொன்னா, மனுஷன் வாழ்க்கையோட பொருள் நாளைக்குத்தான் இருக்குன்னு அர்த்தம். உன் தங்கச்சி புருஷன் சபையில சொன்னா, வேதத்துல இருக்கறது இனிமேதான் நடக்கும்னு அர்த்தம்." நான் முள்ளங்கியைக் கையில கொடுத்து, மூணு பேரும் நாளைக்கு நாளைக்குங்கறீங்களே, நேத்து நடந்ததுக்கு யாரு சார் பதில் சொல்றதுன்னேன். அவர் முள்ளங்கிக்குக் காசை வெச்சுட்டுப் போயிட்டார்.

பதினாலாம் வருஷம் பிப்ரவரியில, சுவிஸ் நாட்டு லொசான்லேர்ந்து மொசியே பொவேன்னு ஒரு பிரசங்கி வர்றதா இருந்துச்சு. வெளிப்படுத்தின விசேஷம்னு வேதத்தோட கடைசிப் புத்தகத்தைப் பத்தி மூணு மணிக்குப் பேச்சு. அந்த மனுஷன் புத்தகத்துல படிச்சு இத்தாலியன் கத்துக்கிட்டவர். தலைப்பை 'ஃபுதுரிஸ்தா விளக்கம்'னு எழுதி அனுப்பிட்டார். அவங்க வேத சாஸ்திரத்துல அப்படித்தான் சொல்லுவாங்களாம், பாவம், அவருக்கு நம்ம ஊர் கூத்து தெரியாது. நோட்டீஸ் அடிக்கற வேலை ஃபியோரென்சோகிட்ட வந்துச்சு. அச்சாபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. கோத்த எழுத்து திரும்ப வேண்டியிருக்கும்னா பிரிச்சுப்போடமாட்டாங்க, நூலால கட்டி அப்படியே ஓரமா வைப்பாங்க. அந்தப் பயலுங்களுக்காகக் கோத்த ஃபுதுரிஸ்தாங்கற சொல்லு, மர எழுத்துல, ஒரு சாண் உசரத்துல, கட்டினபடி தட்டுல இருந்துச்சு. எதுக்கு மறுபடி கோக்கணும்னு அதையே தூக்கி வெச்சுட்டான். மையும் அதே சிவப்பு. மத்ததெல்லாம் அடியில எறும்பு மாதிரி. பிரசங்கியார் பேரு, வேதத்தோட பேரு, கடைசியா, அனுமதி இலவசம்.

அந்த வாரம் கடைக்கு வந்தவன் என்னைப் பாக்கவே இல்லை. நேரா தெசோலினா முன்னாடி போய் நின்னான். "ஞாயித்துக்கிழமை கூடத்துக்கு வா. பேச்சு முடிஞ்சதும் சொல்லப்போறேன்"னான். சபையில பதினோரு பேரும் இருப்பாங்க, நாலு பேர் கேட்டியே, பதினொண்ணு போதுமான்னான். சனிக்கிழமை ராத்திரி அவ ரெண்டு ஜாக்கெட், ஒரு பாவாடை, சீப்பு, எல்லாத்தையும் துணியில போட்டு மூட்டை கட்டினா. அவன் சொல்லிட்டான்னா நான் அங்கேர்ந்தே போயிடுவேன் அக்கான்னா. போடி போன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

காலையில சந்தைக்குப் போனா, சிவப்பு நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டியிருக்கு, எல்லாரும் அழுகல் பொறுக்கறாளுங்க. ஃபுதுரிஸ்தா கூட்டம், இலவசமாம்டின்னாளுங்க. சபைக் கூட்டத்தை அந்தப் பயலுங்க கூட்டம்னு நெனைச்சுட்டாங்கன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. ஓடிப்போய் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. கூட்டம் கலைஞ்சா அவன் பேசமுடியாது, அவ திரும்பி வந்துடுவான்னு நெனைச்சேன். வண்டியில மூணு மூட்டை உருளை ஏத்தினேன்.

அறுபது பேர் உட்கார்ற இந்தக் கூடத்துல நானூறு பேர். ஜன்னல்ல தொங்கினாங்க. முன்னாடி வட்டத் தொப்பியும் கைத்தடியுமா அந்தப் பயலுங்க பத்துப் பதினஞ்சு பேர். யாருடா நம்ம பேரைத் திருடினதுன்னு பாக்க வந்திருந்தாங்க. பின்னாடி அவனுங்களை அடிக்கன்னே வந்த மாணவனுங்க, ட்ராம் ஆளுங்க, கறிக்கடைக்காரனுங்க. நடுவுல சபைக்காரங்க பதினோரு பேரும் பாட்டுப் புத்தகத்தை மாரோட அணைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. தெசோலினா மூட்டையோட மூணாவது வரிசையில. நான் வாசல்ல, வண்டிப் பக்கத்துல.

மொசியே பொவே ஒண்ணும் புரியாம ஆரம்பிச்சார். இந்த நகரம் எரியும், இதோட வியாபாரிங்க அழுவாங்க, கோபுரமெல்லாம் விழும்னார். தொப்பிக்காரனுங்க துள்ளி எழுந்து கைதட்டினானுங்க. சபாஷ் கிழவா, இவன் நம்மாளுடான்னு கத்தினானுங்க. அது பொறுக்காம பின்னாடியிருந்து முதல் ஆரஞ்சு வந்துச்சு. அப்புறம் வானமே இடிஞ்சு விழுந்தாப்ல. முட்டைக்கோசுத் தண்டு, உருளை, கல்லு. பிரசங்கியாரோட நெத்தி பிளந்து வேதப் புத்தகத்துமேல ரத்தம் கொட்டுச்சு. பெஞ்சுக் காலை ஒடிச்சு எடுத்தாங்க. ஒரு கறிக்கடைக்காரன் ஒரு மாணவனோட கையை முதுகுப் பக்கம் வளைச்சான், ஒடிஞ்ச சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. ப்ரொஃபெசர் கார்கானோ பெஞ்சுமேல ஏறி, அர்த்தத்தைப் பிரிச்சுப் பாக்கணும், மூணு அர்த்தம் இருக்குன்னு கையைத் தூக்கினார். ரெண்டாவது அர்த்தத்துக்கு வர்றதுக்குள்ள ஒரு கைத்தடி அவர் வாயில விழுந்து ரெண்டு பல்லு போச்சு.

ஃபியோரென்சோ மேடை ஓரத்துல ரெண்டு கையையும் அக்குள்ள இடுக்கிக்கிட்டு நின்னான். ஒரு தொப்பிக்காரப் பய, மீசை முளைக்காத வயசு, அவனைப் பளார்னு அறைஞ்சான். திருப்பி அடிடா, ஆம்பளையான்னான். மறுபடி அறைஞ்சான். உதடு கிழிஞ்சு தாடையில ரத்தம் வழியுது, அக்குள்லேர்ந்து கை வெளிய வரலை. எனக்குத் தெரிஞ்ச ஃபியோரென்சோவா இருந்தா அந்தப் பயலோட எலும்பைப் பொறுக்கித்தான் எடுத்திருக்கணும். கையை எடு, ஒரு தடவை எடு, என் தங்கச்சி பாக்கட்டும்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் எடுக்கலை.

அப்புறம் மேஜைமேல ஏறினான். பழைய சாராயக்கடைத் தொண்டையால ஒரு சத்தம் போட்டான். எல்லாரும் ஒரு நொடி நின்னுட்டாங்க. அப்பத்தான் கையை வெளிய எடுத்து, எல்லாரும் பாக்கற மாதிரி நீட்டினான்.

"குத்து அழகுன்னு நோட்டீஸ்ல அடிச்சீங்களே, அதைக் கோத்தவன் நான்தான். இந்தக் கைதான். இந்தக் கையில சாவியை வெச்சு என் பொண்டாட்டி கண்ணைக் குத்தினேன். அவ எங்க போயிருந்தேன்னு கேட்டா, அதுக்குக் குத்தினேன். நான்தான் குத்தினேன். வேற யாரும் இல்ல."

சொல்லிட்டான். ஏழு வருஷமா தொண்டையில கிடந்தது வெளிய வந்துடுச்சு. அவனுக்குக் கண்ணீரும் ரத்தமுமா ஒழுகுது. அந்த மீசையில்லாத பய இருக்கானே, அவன் தொப்பியைத் தூக்கி வீசி, சபாஷ், இதுதான்டா கவிதைன்னு கைதட்டினான். அவன் கூட்டம் தட்டுச்சு, அதைப் பாத்து மத்தவங்களும் சிரிச்சுத் தட்டினாங்க. நானூறு பேர் கைதட்டறாங்க, என் தங்கச்சியோட கண்ணு போனதுக்கு.

நான் அவளைப் பாத்தேன். அவ காதுல கைதட்டலே விழலைபோல. அவ முகம் இருக்கே, கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு நல்லா இல்லை. மூட்டையை எடுத்துக்கிட்டு மேஜையைப் பாத்து நடந்தா. கூட்டம் தானா வழி விட்டுச்சு. அவன் குனிஞ்சு கையைக் கொடுத்தான்.

என் கையில உருளை இருந்துச்சு. எப்ப எடுத்தேன்னு தெரியாது. சின்ன வயசுலேர்ந்து சந்தை எலியை எறிஞ்சு அடிக்கறவ நான், குறி தப்பாது. அவனைத்தான் குறி பாத்தேன். அவன் நெத்தியை. சத்தியமா அவனைத்தான். ஏறப்போனவ நின்னு திரும்பினா. பச்சை உருளை, கல்லு மாதிரி கெட்டி, நேரா அவ வலது கண்ணுல போய் விழுந்துச்சு.

இங்க சலசலக்கறீங்க. சலசலத்துக்கோங்க. எறிஞ்சது நான்தான்.

அவன் மேஜையிலேர்ந்து குதிச்சு என்னைப் பாத்து வந்தான். வழியில நின்னவங்களைத் தள்ளிக்கிட்டு, அந்தப் பழைய நடை. பாத்துட்டான், இன்னிக்கு நான் செத்தேன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவன் என் கையிலேர்ந்து வண்டிப் பிடியைப் பிடுங்கினான். மதினி, வண்டி வேணும்னான், அவ்வளவுதான். மூட்டைங்களைக் கீழ தள்ளி அவளைப் படுக்கவெச்சு, பனிமூட்டத்துல பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தானே தள்ளிக்கிட்டு ஓடினான். பின்னாடி கூடத்துல இன்னும் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் வண்டிக்குப் பின்னாடி ஓடினேன்.

டாக்டருங்க பாத்தாங்க, அந்தக் கண்ணையும் காப்பாத்தமுடியலைன்னாங்க. போலீஸ்காரர் கேட்டப்போ, பெரிய கூட்டம் ஐயா, யாருன்னு சொல்லமுடியாதுன்னான் ஃபியோரென்சோ. அவ கட்டுப்போட்ட முகத்தோட அவன் வீட்டுக்குப் போனா. சொன்ன வாக்கு, போயிட்டா. மாணவனுங்கதான் எறிஞ்சாங்கன்னு நான் சந்தை முழுக்கச் சொன்னேன். ஒரு நாள் ஆரஞ்சு வாங்க வந்த ஒரு மாணவனை, என் தங்கச்சி கண்ணைத் தின்னவனேன்னு தராசுத் தண்டால மண்டையிலயே போட்டேன். ரத்தம் வந்துச்சு. அவன் அன்னிக்கு இந்தக் கூடத்துப் பக்கம் வந்தவனோ இல்லையோ. பொய்யை அடிச்சே உண்மையாக்கிடலாம்னு பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை தவறாம காய் எடுத்துட்டு அவங்க வீட்டுக்குப் போவேன். நல்ல காயா, மேலாப் பொறுக்கினது. அவன் அவளுக்குத் தலை வாரிவிடுவான், படிச்சுக் காட்டுவான், மாடிப்படி இறக்கிக் கூட்டிட்டுப் போவான். குறை சொல்ல ஒண்ணும் கிடைக்காம நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருந்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாசம், தெருவெல்லாம் யுத்தம் வேணும் யுத்தம் வேணும்னு ஊர்வலம் போச்சே, அன்னிக்குப் பட்டாணி எடுத்துட்டுப் போயிருந்தேன். ஜெர்மன்காரன் கடைக் கண்ணாடியெல்லாம் உடைச்சுக்கிட்டிருந்தாங்க. யாரையோ போட்டு மிதிக்கற சத்தம், அவன் அம்மா அம்மான்னு கத்தறது, எல்லாம் ஜன்னல்ல கேட்டுச்சு. ஃபியோரென்சோ அச்சாபீஸ்ல இருந்தான். தெசோலினா பட்டாணியை உரிச்சுக்கிட்டே, முன்னாடி போறது அந்தத் தொப்பிக்காரங்கதானேன்னா. ஆமான்னேன். மடியிலேர்ந்து தோலைத் தட்டிவிட்டா.

"அன்னிக்கு நான் ஏன் திரும்பினேன்னு நீ கேட்கவே இல்லையே அக்கா."

ஏன்டின்னேன்.

"உன்னையும் கூட வரச் சொல்லத்தான். மூணு பேருமா ஒண்ணா இருக்கலாம்னு. உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல." ஒரு காயை உடைச்சு, உள்ள இருந்ததை விரலால வழிச்சா. "திரும்பினேன். நீ கையை ஓங்கியிருந்த. அந்தக் கண்ணு கடைசியாப் பாத்தது உன்னைத்தான்."

அவனுக்குத் தெரியுமான்னு கேட்டேன். எதைக் கேட்டிருக்கேன் பாருங்க. மன்னிச்சுக்கோன்னு வரலை, அவனுக்குத் தெரியுமான்னு வந்துச்சு.

"அவருக்குத் தெரியாது. நான் சொல்லமாட்டேன். அது நான் சொல்லவேண்டிய வார்த்தை இல்லையே. அவருக்கு ஏழு வருஷம் ஆச்சு. உனக்கு இப்பத்தான ஒண்ணேகால் வருஷம்."

படியில அவன் செருப்புச் சத்தம். வந்தான், தொப்பியைக் கழட்டினான், வாங்க மதினின்னான். அவன் கன்னத்துல யாரோ அடிச்ச காயம், யுத்தம் வேணாம்னு சொல்லியிருப்பான். நான் வாயைத் திறந்தேன். பட்டாணி இந்த வருஷம் பூச்சின்னு சொன்னேன். தெசோலினா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

மத்தது உங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயசுல அவனையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்க. துப்பாக்கியைத் தொடமாட்டேன்னான், அடிச்சுப் பாத்தாங்க, அப்புறம் அடிபட்டவங்களைத் தூக்கற வேலையில போட்டாங்க. சண்டை நடக்கற கார்சோ மலையில ஒருத்தனைத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றப்போ குண்டு விழுந்துச்சாம். ரெண்டு பேரையும் பிரிச்சு எடுக்கமுடியலைன்னு எழுதியிருந்தாங்க. அந்தக் கடிதாசை அவளுக்குப் படிச்சுக் காட்டினது நான்தான்.

அவன்கிட்ட நான் சொல்லவே இல்லை. அவன் கடைசி வரைக்கும் எனக்குத் தொப்பியைக் கழட்டினான். இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை, இப்படித்தான் சொல்லவருது.

தெசோ, இங்க நாலு பேருக்கு மேலயே இருக்காங்க. எனக்கு மூணு வருஷம் ஆச்சு. உன் கண்ணை எடுத்தது நான்தான்.